42 மில்லிமீட்டர் எலும்பும் ஒன்றரை வருட வலியும்

கேள்வி: டாக்டர், எனக்கு 41 வயது. தஞ்சாவூர் பக்கத்தில் பள்ளி ஆசிரியை. ஒன்றரை வருடமாக வலது பக்கத் தொண்டையில் மீன் முள் சிக்கிக்கொண்டது போலவே இருக்கிறது. எச்சில் விழுங்கினால் குத்துகிறது, அந்த வலி அப்படியே காதுக்கு ஏறுகிறது. ஸ்கூட்டி ஓட்டும்போது பின்னால் வண்டி வருகிறதா என்று வலது பக்கம் திரும்பினால் தாடைக்குக் கீழே சுரீர் என்கிறது. முதலில் பார்த்தவர் வயிற்று அமிலம் மேலே வருகிறது என்று மூன்று மாதம் மாத்திரை கொடுத்தார். எண்டோஸ்கோபியில் ஒன்றும் இல்லை. பல் டாக்டர் கடைவாய்ப் பல்லை எடுத்தார். எலும்பு டாக்டர் கழுத்துத் தேய்மானம் என்று பட்டை மாட்டிவிட்டார். மாமியார் தொக்கம் எடுக்கிறவரிடம் கூட்டிப் போனார், அவரும் எதையோ எடுத்துக் காட்டினார், வலி மட்டும் அப்படியே இருக்கிறது. போன மாதம் வேறொரு பல் டாக்டர் தாடை எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு ஒரு எலும்பு நீளமாக இருக்கிறது என்றார். சி.டி. ஸ்கேனில் வலது ஸ்டைலாய்டு 42 மி.மீ., இடது 38 மி.மீ. என்று வந்திருக்கிறது. இடது பக்கம் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஒருவர் உடனே ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் எல்லாம் மனசுதான் என்கிறார். 2018இல் டான்சில் எடுத்திருக்கிறேன். ஒரு தடவை திரும்பும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. நெட்டில் ஸ்ட்ரோக் வரும் என்று போட்டிருக்கிறார்கள். புற்றுநோயோ என்றும் பயம். ஆபரேஷன் செய்துகொள்ளலாமா? கடைசியாக ஒன்று: 74 வயதான என் அப்பாவுக்கு, சர்க்கரை நோயாளி, மாத்திரை தொண்டையில் நின்றுகொள்கிறது. அவருக்கும் கழுத்து எலும்பு முன்பக்கம் வளர்ந்திருக்கிறதாம். இது பரம்பரையா?

பதில்: டீச்சர், நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரியில்தான் பாதி விஷயம் இருக்கிறது. இடது பக்கமும் 38 மி.மீ., ஆனால் அந்தப் பக்கம் ஒரு தொந்தரவும் இல்லை. ஆபரேஷன் என்று சொன்னவரும் மனசு என்று சொன்னவரும் இந்த ஒரு வரியைப் படித்திருந்தால் இரண்டு பேருமே கொஞ்சம் நிதானித்திருப்பார்கள். எலும்பு நீளம்தான் நோய் என்றால் இடது பக்கமும் வலித்திருக்க வேண்டும். மனசுதான் காரணம் என்றால் அது இவ்வளவு கச்சிதமாக வலது பக்கத்தை மட்டும், அதுவும் திரும்பும்போதும் விழுங்கும்போதும் அதிகமாகக் குத்துகிற மாதிரி பிடித்துக்கொண்டிருக்காது.

முதலில் அந்த எலும்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். காது மடலுக்குக் கீழே, தாடை எலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கிறதல்லவா, அங்கே விரலை வையுங்கள், அழுத்த வேண்டாம். அதற்கு உள்ளே, மண்டை ஓட்டின் அடிப்பக்கத்திலிருந்து ஊசி போல ஒரு எலும்பு கீழே, முன்பக்கமாக, தொண்டையை நோக்கி இறங்குகிறது. எழுத்தாணி மாதிரி இருப்பதால்தான் அதற்கு ஸ்டைலாய்டு என்று பெயர். எல்லாருக்கும் உண்டு, பக்கத்துக்கு ஒன்று. வழக்கமான நீளம் இரண்டரை சென்டிமீட்டர் சுமார். 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் நீளம் என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். அதன் நுனியிலிருந்து ஒரு தசைநார் கிளம்பி, தொண்டையில் குரல்வளைக்கு மேலே இருக்கும் ஹையாய்டு என்ற குதிரை லாட வடிவ எலும்பு வரை போகிறது. கருவில் இருக்கும்போது இந்தப் பாதை முழுக்க ஒரே குருத்தெலும்புத் தண்டு. பிறகு அதில் மேல் பாகம் எலும்பாகவும் கீழ்ப் பாகம் நாராகவும் மாறுகின்றன. சிலருக்கு நாராக வேண்டிய பாகமும் எலும்பாகிவிடுகிறது. அவ்வளவுதான். ஏதோ புதிதாக முளைத்துவிட்டது, இன்னும் வளர்ந்து தொண்டையைக் குத்திக் கிழித்துவிடும் என்றெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நீளமாக இருப்பதே அப்படியொன்றும் அதிசயமில்லை. பொதுவாகச் சொல்லப்படும் கணக்குப்படி நூறு பேரில் சுமார் 4 பேருக்கு இந்த எலும்பு நீளமாக இருக்கும், அப்படி நீளமாக இருப்பவர்களிலும் வலி வருவது பத்தில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான். மற்றவர்கள் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

வலி வந்தால் அதற்கு ஈகிள் சிண்ட்ரோம் என்று பெயர். ஒரு பாட்டி என்னிடம் 'எனக்கும் கழுகுக்கும் என்ன சம்பந்தம் டாக்டர்' என்று கேட்டார். கழுகுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. வாட் வீம்ஸ் ஈகிள் என்று அமெரிக்காவில், வடக்கு கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்த காது மூக்கு தொண்டை மருத்துவர், 1937இல் இரண்டு நோயாளிகளை வைத்து இதை எழுதினார், பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் இருநூறுக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்துப் பதிவு செய்தார். அவர் இதை இரண்டாகப் பிரித்தார். ஒன்று டான்சில் எடுத்த பிறகு வருவது: தொண்டையில் முள் குத்துவது போன்ற உணர்வு, விழுங்கினால் வலி, காதுக்கு ஏறும் வலி. இன்னொன்று மூளைக்கும் முகத்துக்கும் ரத்தம் கொண்டு போகும் கழுத்துத் தமனியில் எலும்பு உரசுவதால் வருவது. அதற்கு டான்சிலோடு தொடர்பு இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்தால் முதல் வகை அப்படியே தெரிகிறது. கண் இருட்டியது என்கிறீர்களே, அதனால் இரண்டாவதையும் ஒரு கண் பார்த்துவிட வேண்டும். அதற்குக் கீழே வருகிறேன்.

காது ஏன் வலிக்கிறது என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. தொண்டையின் அந்தப் பகுதிக்கு உணர்வைக் கொடுக்கிற ஒன்பதாவது மூளை நரம்பு இந்த எலும்பை ஒட்டித்தான் இறங்குகிறது, நடுக்காதுக்கும் அதே நரம்பில் ஒரு கிளை போகிறது. ஒரே லைனில் இரண்டு வீட்டுக்குக் கனெக்‌ஷன் கொடுத்த மாதிரி. தொண்டையில் உரசினால் மூளைக்குக் காதில் மணி அடிக்கிறது. அதனால்தான் காதுக்குள் விளக்கடித்துப் பார்க்கிறவர்கள் காது சுத்தமாக இருக்கிறது என்று அனுப்பிவிடுகிறார்கள்.

சரி, உங்களுக்கு இதுதானா என்று எப்படி முடிவு செய்வது. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. இத்தனை டாக்டர்கள் பார்த்திருக்கிறார்கள், இத்தனை படம் எடுத்திருக்கிறார்கள், யாராவது உங்கள் வாயில் விரலை விட்டுப் பார்த்தார்களா? கடிதத்தில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு நெசவாளியை எட்டு மாதம் அமிலத்துக்கு மாத்திரை கொடுத்தே ஓட்டினேன். தறியில் உட்கார்ந்து தலையைத் திருப்பும்போதெல்லாம் குத்துகிறது என்று அவர் முதல் நாளே சொன்னார், நான் குறித்துக்கொண்டேன், அவ்வளவுதான், அதற்கு மேல் யோசிக்கவில்லை. கடைசியில் பல்லுக்கு எடுத்த எக்ஸ்ரேயை அவரே தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். அன்றுதான் கையுறை மாட்டினேன்.

பரிசோதனை மிகச் சுலபம். வாயை அகலமாகத் திறக்கச் சொல்லி, ஆள்காட்டி விரலை நாக்குக்குப் பக்கவாட்டில், டான்சில் இருந்த குழியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். சாதாரணமாக அங்கே மெத்தென்றுதான் இருக்கும். நீண்ட ஸ்டைலாய்டு இருந்தால் தோலுக்கு அடியில் பென்சில் முனையைத் தொடுவது போலக் கெட்டியாக ஒன்று தட்டுப்படும். அதை மெல்ல அழுத்தினால், அந்த நோய் உள்ளவர்கள், விரல் வாயில் இருக்கும்போதே கையை ஆட்டி 'ம்ம், ம்ம்' என்பார்கள், விரலை எடுத்ததும் 'இதேதான், இதே வலிதான்' என்பார்கள், காதையும் தொட்டுக் காட்டுவார்கள். குமட்டும், கண்ணில் தண்ணீர் வரும், பத்து வினாடி வேலை. இடது பக்கமும் அதே போல் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே வலி இல்லை என்றால் நமக்கு நல்ல சாட்சி.

அடுத்தது ஒரு ஊசி. விரலில் தட்டுப்பட்ட அதே இடத்தில் மரப்பு மருந்து கொஞ்சம் போட்டுவிட்டு, பத்து நிமிடம் உட்கார வைத்து, தண்ணீர் விழுங்கச் சொல்வோம், தலையைத் திருப்பச் சொல்வோம். முள் காணாமல் போய்விட்டதா? அப்படியானால் வலி அங்கிருந்துதான் கிளம்புகிறது. மருந்து இறங்கியதும் வலி திரும்பி வரும், அதற்காக ஏமாற வேண்டாம், இது சிகிச்சை இல்லை, சோதனை. ஏற்கெனவே பல் எடுக்கும்போது போட்ட ஊசி ஏதாவது ஒவ்வாமல் போயிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊசியிலும் வலி கொஞ்சமும் அசையவில்லை என்றால், ரிப்போர்ட்டில் 42 இல்லை 62 என்று இருந்தாலும் நான் கத்தியை எடுக்க மாட்டேன்.

படத்தைப் பற்றியும் கொஞ்சம். பல் டாக்டர் எடுத்தது ஓ.பி.ஜி. எனப்படும் முழுத்தாடை எக்ஸ்ரே. சந்தேகம் கிளப்ப நல்ல கருவி, ஆனால் அது எலும்பைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டும், அளவை அதில் நம்பக் கூடாது. சி.டி. ஸ்கேன்தான் சரி. அதிலும் முப்பரிமாணமாகச் சேர்த்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற படம் கேளுங்கள். நீளத்தைவிட அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, நுனி உள்ளே தொண்டைச் சுவரை நோக்கி வளைந்திருக்கிறதா, தமனிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதெல்லாம் முக்கியம். 38 மி.மீ. சும்மா இருப்பதற்கும் 42 மி.மீ. குத்துவதற்கும் நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம் மட்டும் காரணமாக இருக்காது. சாய்வும், டான்சில் எடுத்த இடத்தில் விழுந்த தழும்பும் சேர்ந்துதான் பெரும்பாலும் வேலையைக் காட்டுகின்றன. எலும்பு அங்கே உங்கள் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே இருந்திருக்கலாம், தழும்பு வந்து நரம்பை அதோடு இறுக்கிக் கட்டிய பிறகுதான் உங்களுக்குத் தெரிய ஆரம்பித்திருக்கும்.

முன்பு பார்த்தவர்கள் எல்லாரும் தப்பு என்றும் நான் சொல்ல மாட்டேன். தொண்டையில் ஏதோ இருக்கிறது என்று வருகிறவர்களில் நிறையப் பேருக்கு வேறு காரணம்தான், அமிலமும் அதில் ஒன்று, ஒரு சுற்று மாத்திரை கொடுத்துப் பார்ப்பதில் தவறில்லை. கேட்காதபோது நிறுத்திவிட்டு வேறு யோசிக்க வேண்டும். கழுத்துத் தேய்மானம் நாற்பதைத் தாண்டிய நிறையப் பேருடைய எக்ஸ்ரேயில் தெரியும், விழுங்கும்போது முள் குத்துவதற்கு அது காரணம் ஆகாது. அந்தப் பட்டையைக் கழற்றி வைத்துவிடுங்கள். தொக்கம் எடுத்தவர் காட்டியது எதுவாக இருந்தாலும் உங்கள் தொண்டையிலிருந்து வந்ததல்ல. முள் என்று நினைத்து சோற்று உருண்டையும் வாழைப்பழமும் விழுங்கிப் பார்த்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், என்னிடம் வருகிற எல்லாரும் அதைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஒன்றரை வருடம் ஒரு மீன் முள் அப்படியே இருக்காது, சீழ் பிடித்து எப்போதோ உங்களைப் படுக்க வைத்திருக்கும்.

இதைப் போலவே ஏமாற்றுகிற இன்னொன்று இருக்கிறது, அந்த ஒன்பதாவது நரம்பே தானாக எரிச்சலடைந்து கொடுக்கிற நரம்பு வலி. அது ஷாக் அடித்த மாதிரி வரும், சில வினாடிகளில் போய்விடும், குளிர்ந்த தண்ணீர் குடித்தாலோ கொட்டாவி விட்டாலோ பளீரென்று வெட்டும், இடைப்பட்ட நேரத்தில் சுத்தமாக ஒன்றும் இருக்காது. உங்களுடையது நாள் முழுக்க இருக்கிற மந்தமான குத்தல் என்பதால் அந்தப் பக்கம் சாயவில்லை. ஆனால் சிலருக்கு நீண்ட எலும்பே அந்த நரம்பை உசுப்பிவிடுவதும் உண்டு, அதனால் வாசலை முழுவதும் மூடவில்லை.

புற்றுநோய் பயம். ஒன்றரை வருடமாக ஒரே மாதிரி இருக்கிறது, சாப்பாடு இறங்குகிறது, எடை குறைந்ததாக நீங்கள் எழுதவில்லை, சி.டி.யிலும் கட்டி எதுவும் சொல்லவில்லை. இதெல்லாம் ஆறுதலான செய்தி. ஆனால் ஒன்று கேட்கிறேன், எண்டோஸ்கோபி எடுத்தேன் என்றீர்களே, எது? வயிற்றுக்குள் விடுவதா, மூக்கு வழியாகத் தொண்டையைப் பார்ப்பதா? அமிலம் என்று எடுத்திருந்தால் அநேகமாக வயிற்றுக்கு விடுவதாகத்தான் இருக்கும். அந்தக் குழாய் தொண்டையை எக்ஸ்பிரஸ் ரயில் சின்ன ஸ்டேஷனைத் தாண்டுவது போலத் தாண்டிவிடும். நாக்கின் அடிப்பகுதி, டான்சில் குழி, குரல்வளைக்குப் பக்கத்துப் பள்ளங்கள் இதையெல்லாம் காது மூக்கு தொண்டை மருத்துவர் நிதானமாகப் பார்த்து ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறாரா என்று எடுத்துப் பாருங்கள். இல்லை என்றால் அதை முதலில் முடியுங்கள், வெளிநோயாளியாகவே ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை. காது நன்றாக இருந்தும் ஒரு பக்கக் காது மட்டும் விடாமல் வலித்தால், அதிலும் புகையிலை, பாக்கு போடுகிறவராக இருந்தால், தொண்டைக்குள் முழுசாகப் பார்க்காமல் எலும்பின் மேல் பழியைப் போடக் கூடாது. குரல் மூன்று வாரத்துக்கு மேல் கம்மியிருப்பது, எச்சிலில் ரத்தம், கழுத்தில் கட்டி, நாளுக்கு நாள் சோறு இறங்காமல் போவது, இதில் எது இருந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

இப்போது கண் இருட்டியதற்கு வருகிறேன். அந்த எலும்பின் நுனி இரண்டு தமனிகளுக்கு நடுவில் இருக்கிறது, ஒன்று மூளைக்கும் கண்ணுக்கும் போவது, இன்னொன்று முகத்துக்குப் போவது. சிலருக்குத் தலையை ஒரு பக்கம் திருப்பும்போது எலும்பு மூளைக்குப் போகும் தமனியை அழுத்தி, கணநேரம் கிறுகிறுப்பு, பார்வை மங்கல் வரும். மிக அரிதாக அந்தத் தமனியின் உட்சுவர் கிழிந்து ஸ்ட்ரோக் வந்ததாகவும் பதிவுகள் உண்டு. நெட்டில் நீங்கள் படித்தது பொய்யில்லை, ஆனால் அது அபூர்வத்திலும் அபூர்வம், அதை முதல் வரியில் போட்டு உங்களைத் தூங்கவிடாமல் செய்ததுதான் தப்பு. யோசித்துப் பாருங்கள், ஒன்றரை வருடத்தில் ஆயிரம் தடவை வலது பக்கம் திரும்பியிருப்பீர்கள், இருட்டியது ஒரே தடவை. அன்று விரதமா, காலையில் சாப்பிடாமல் கிளம்பினீர்களா, உட்கார்ந்திருந்து சட்டென்று எழுந்தீர்களா? அப்படி இருந்தால் எலும்புக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. ஒரே பக்கம் திரும்பும்போது திரும்பத் திரும்ப வந்தால் கதை வேறு. அப்போது தலை நேராக இருக்கும்போது ஒரு தடவை, திருப்பி வைத்து ஒரு தடவை என்று மருந்து ஏற்றி ரத்தக் குழாயை சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்க்க வேண்டும். அதுவரை ஸ்கூட்டியில் பக்கக் கண்ணாடியைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள், தலையை முழுதாகத் திருப்ப வேண்டிய அவசியம் குறையும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கழுத்தில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். சுளுக்கு வழிக்கிறவர், கழுத்தைப் பிடித்துச் சட்டென்று திருப்பி சொடக்கு எடுக்கிறவர், பார்லரில் அழுத்தி மசாஜ் செய்கிறவர், யாராக இருந்தாலும் வேண்டாம். கழுத்தை இழுத்துக் கட்டுகிற டிராக்‌ஷனும் வேண்டாம். திடீரென்று இதுவரை இல்லாத கடுமையான கழுத்து வலி, ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறல், ஒரு கண்ணில் பார்வை போவது, ஒரு பக்க இமை தொங்கிப்போவது என்று எது வந்தாலும் 108ஐக் கூப்பிட்டு நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

சிகிச்சை. விரலும் ஊசியும் படமும் ஒரே கதையைச் சொன்னாலும் நான் முதலில் மருந்தில்தான் ஆரம்பிப்பேன். வலி மாத்திரை கொஞ்ச நாள், கூடவே நரம்பு எரிச்சலைத் தணிக்கிற பிரெகாபலின், கபாபென்டின், அமிட்ரிப்டிலின் மாதிரி ஒன்றைக் குறைந்த அளவில் ராத்திரி நேரத்தில். ஆரம்பத்தில் தூக்கக் கலக்கம் இருக்கும், காலையில் முதல் பீரியட் உங்களுக்கு என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். கார்பமாசெபினும் உண்டு, நல்ல மருந்து, ஆனால் தோலில் மோசமான ஒவ்வாமை வரலாம், உப்புச்சத்து குறையலாம், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடுகிற மாத்திரை அது இல்லை. இதில் எதையும் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மாத்திரையில் வலி பாதிக்குப் பாதி குறைந்தாலே சிலருக்குப் போதும், எலும்பு அதன்பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். அடுத்த படி, அதே இடத்தில் ஸ்டீராய்டும் மரப்பு மருந்தும் சேர்த்த ஊசி. சிலருக்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிம்மதி கிடைக்கும்.

இதற்கும் மசியாமல், வகுப்பில் பேச முடியாமல், சாப்பிடும்போது அழுகை வருகிற அளவுக்கு இருந்தால் ஆபரேஷன்தான், அதில் தயங்கவும் வேண்டாம். எலும்பை ஒடித்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிற பழைய முறை ஒன்று உண்டு, யாராவது அதைச் சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். நீளமாக இருக்கிற பாகத்தை வெட்டி எடுக்க வேண்டும். இரண்டு வழி. ஒன்று வாய் வழியாக, டான்சில் குழியைத் திறந்து, விரலால் நுனியைத் தேடி, மேலே ஒட்டியிருக்கிற சதையை உரித்துவிட்டு எலும்பை நறுக்குவது. ஈகிள் செய்ததும் இப்படித்தான். வெளியே தழும்பு இருக்காது, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். ஆனால் இடம் குறுகல், வெளிச்சம் குறைவு, ரத்தம் கசிந்தால் பிடிப்பது சிரமம், வாயிலிருக்கும் கிருமி கழுத்துக்குள் ஆழமாகப் போகவும் வாய்ப்பு உண்டு. இப்போது எண்டோஸ்கோப் வைத்துச் செய்வதால் வெளிச்சப் பிரச்சினை குறைந்திருக்கிறது. இன்னொன்று கழுத்து வழியாக, தாடைக்குக் கீழே தோல் மடிப்பில் சில சென்டிமீட்டர் வெட்டி உள்ளே போவது. தமனியையும் நரம்பையும் கண்ணால் பார்த்து ஒதுக்கிவிட்டு எலும்பை அடிவரைக்கும் எடுக்கலாம். தழும்பு விழும், கீழுதட்டு ஓரத்தை அசைக்கிற நரம்பு இழுபட்டு வாய் கொஞ்ச நாள் கோணலாகத் தெரியலாம், பெரும்பாலும் சரியாகிவிடும். தமனியை உரசுகிற எலும்பு என்றால் நான் கழுத்து வழியைத்தான் விரும்புவேன். உங்களுக்கு, தமனியில் சிக்கல் இல்லை என்று தெரிந்தால், டான்சிலும் ஏற்கெனவே எடுத்துவிட்டதால், வாய் வழி போதுமானதாக இருக்கலாம். கடைசியில் எந்த வழி என்பது அந்த சர்ஜனுக்கு எது கைவந்தது என்பதைப் பொறுத்தது. எத்தனை செய்திருக்கிறீர்கள், எந்த வழி, எவ்வளவு எலும்பு எடுப்பீர்கள், வலி போகவில்லை என்றால் அடுத்து என்ன என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் படுக்க வேண்டாம்.

வாய் வழி என்றால் ஆபரேஷனுக்குப் பிறகு டான்சில் எடுத்தபோது இருந்த மாதிரியே பத்துப் பதினைந்து நாள் தொண்டை எரியும், குழைந்த ரசம் சாதமும் ஆறின கஞ்சியும்தான், அது உங்களுக்குப் பழக்கம். பள்ளியில் கத்திப் பேசுவதற்கு மூன்று வாரமாவது லீவு போடுங்கள். முள் மறுநாளே மறைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், ரொம்ப நாள் உரசிய நரம்பு ஆற வாரங்கள், சில சமயம் மாதங்கள் பிடிக்கும். சரியாகத் தேர்ந்தெடுத்துச் செய்தால் பெரும்பாலானவர்களுக்கு நன்றாகவே குறைகிறது, ஆனால் எல்லாருக்கும் இல்லை. இடது பக்கத்தைத் தொடவே வேண்டாம். ஒரே மயக்கத்தில் இரண்டையும் எடுத்துவிடலாமே என்று யாராவது சிக்கன யோசனை சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எங்கே போவது என்றால், தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது, முதலில் அங்கே காட்டலாம். முகத்தாடை அறுவை மருத்துவர்களும் இதைச் செய்கிறார்கள். போகும்போது ரிப்போர்ட் பேப்பரை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், ஸ்கேன் படங்கள் பதிந்த டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். ஒரு தாளில் மூன்றே வரி எழுதி எடுத்துப் போங்கள்: எப்போது வலிக்கிறது, ஒரு விரலால் தொட்டுக் காட்டினால் எந்த இடம், இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளில் எது கேட்டது எது கேட்கவில்லை. பிறகு, டாக்டர் அவராகச் செய்யவில்லை என்றால், நீங்களே வாயைத் திறந்து 'விரல் விட்டுப் பாருங்கள் சார்' என்று சொல்லுங்கள்.

அப்பா விஷயம். அது வேறு எலும்பு, வேறு நோய், உங்களுக்கு அவரிடமிருந்து வந்ததில்லை. வயதான ஆண்களுக்கு, குறிப்பாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கு, முதுகெலும்பின் முன்பக்கம் ஓடுகிற நார் எலும்பாகிப் போகும், மெழுகுவர்த்தியில் மெழுகு வழிந்து உறைந்த மாதிரி படத்தில் தெரியும். 1950இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் ஃபாரெஸ்டியே பெயரில் அழைப்பார்கள். முக்கால்வாசிப் பேருக்குக் கழுத்து விறைப்போடு போய்விடும், சிலருக்குக் கழுத்தில் அந்தத் துருத்தல் உணவுக்குழாயைப் பின்னாலிருந்து தள்ளி மாத்திரையும் இட்லியும் நிற்கும். எக்ஸ்ரேயில் எலும்பு தெரிகிறது என்பதற்காக அதோடு விட்டுவிடாமல், பேரியம் விழுங்க வைத்து ஒரு படம், தொண்டைக்குள் ஒரு எண்டோஸ்கோபி இரண்டும் எடுக்க வேண்டும். 74 வயதில் புதிதாக விழுங்க முடியவில்லை என்றால் எலும்புக்குப் பின்னால் வேறு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்க்காமல் இருக்கக் கூடாது. ஒன்றும் இல்லை என்றால் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை அண்ணாத்தாமல், முகவாயைக் கொஞ்சம் கீழே இறக்கி விழுங்கச் சொல்லுங்கள், சாப்பாட்டைக் குழைவாகக் கொடுங்கள், பெரிய மாத்திரையைப் பொடிக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுப் பொடியுங்கள், ஏனென்றால் சர்க்கரைக்குக் கொடுக்கிற சில மாத்திரைகள் நாள் முழுக்க மெதுவாகக் கரைகிற வகை, பொடித்தால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். சாப்பிடும்போது புரை ஏறுகிறதா, ராத்திரி இருமுகிறாரா என்று ஒரு வாரம் கவனித்து எழுதி வையுங்கள், அவரைக் கேட்டால் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வார்.